இந்த வயதில் ஒப்பரேஷன் வேண்டுமா?
சலப்பைப் புற்றுநோயும் நம் வீட்டுப் பெரியவர்களும்

(தோட்டத்து முதியோர் கிளினிக் நாளில், பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேசப்போகும் விஷயம் கொஞ்சம் கூச்சமானது. ஒண்ணுக்குப் போகிற விஷயம். ஆஸ்பத்திரியில் இதைச் சலம் என்பார்கள், அது சேர்கிற பையைச் சலப்பை என்பார்கள். அந்தப் பையிலும் புற்றுநோய் வரும். அது பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது. நோய் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். சராசரி வயது 73 என்கிறார்கள். ஆண்களுக்கு வருவது பெண்களைப் போல மூன்று நான்கு மடங்கு.

நான் டொக்டர் இல்லை. ஆனால் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கும் மகரகமவுக்கும் போய், கிளினிக் வாங்கில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே டொக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து சொல்வது இரண்டே விதம். ஒன்று, "இந்த வயசுல வயித்தக் கிழிச்சு என்னத்துக்குங்க ஐயா, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்." மற்றது, "என்ன செலவானாலும் பரவாயில்ல, ஒப்பரேஷன் செஞ்சிரச் சொல்லுங்க." இரண்டையும் சொல்வது மகனோ மருமகனோதான். தாத்தா இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வயதை மட்டும் பார்த்து வேண்டாம் என்பதும், பிழைத்தால் போதும் என்று நோயாளியைக் கேளாமல் செய்யச் சொல்வதும் இரண்டும் தவறு. ஏன் என்பதைத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் நோய் எப்படித் தெரியவரும்? பெரும்பாலானோருக்கு வலியே இல்லாமல் சலத்தில் இரத்தம் போகும். வலி இல்லை என்பதுதான் இதில் ஆளை ஏமாற்றுகிறது. ஒரு நாள் சிவப்பாகப் போகும், அப்புறம் இரண்டு மாசத்துக்கு ஒன்றுமே இருக்காது. "சூடு, சரியாப் போச்சு" என்று இளநீரைக் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். நம் லயத்துக் கக்கூசுகளில் வெளிச்சம் கிடையாது, விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு முன்னால் போய்விட்டு வருகிறோம். நிறத்தை யார் பார்க்கிறார்கள்? பெண்களுக்கு இன்னொரு தொல்லை. மாதவிடாய் நின்றுபோன பிறகு உடுப்பில் இரத்தம் பட்டால் அது கர்ப்பப்பையிலிருந்தா சலத்திலிருந்தா என்று தெரியாது. வெட்கத்தில் யாரிடமும் சொல்வதும் இல்லை. எங்கிருந்து வந்தாலும் அந்த வயதில் அது காட்டவேண்டிய இரத்தம்தான்.

பீட்ரூட் சாப்பிட்டாலும் சலம் சிவக்கும். காசநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களுக்குச் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் போகிற எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை, கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம். ஆனால் ஐம்பது அறுபது தாண்டியவருக்கு ஒரே ஒரு தடவை இரத்தம் போனாலும் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டும். இருதயத்துக்கு இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள் "மாத்திரையாலதான்" என்று விட்டுவிடக்கூடாது. சல எரிவு என்று திரும்பத் திரும்ப மருந்து வாங்கியும் குணமாகவில்லையா, ஈ.எம்.ஏ. ஐயாவிடம் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள்.

இந்த இடத்தில் பீடியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. புகையில் உள்ள நஞ்சு இரத்தத்தில் கலந்து, சலத்தில் இறங்கி, மணிக்கணக்காக அந்தப் பையில்தான் தேங்கி நிற்கிறது. சலப்பைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைதான் காரணம். பீடி நெஞ்சுக்குத்தான் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு சலம் போகிற வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதிலுள்ள கமராவால் பையின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் அதே வழியாகக் கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றில் வெட்டே கிடையாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்வார்கள். இரண்டு மூன்று நாள் வாட்டில் இருக்கவேண்டி வரும், சலக்குழாய் போட்டிருப்பார்கள். கொஞ்சம் இரத்தம் போகும், கிருமி தொற்றலாம், எப்போதாவது பையில் ஓட்டை விழுவதும் உண்டு. ஆனால் எண்பது வயதுக்காரரும் தாங்கக்கூடிய ஒப்பரேஷன் இது. "ஒப்பரேஷன்" என்ற சொல்லைக் கேட்டவுடன் இதற்கே பயந்து வீட்டுக்கு ஓடிவந்தவர்கள் உண்டு. இதைச் செய்யாமல் நோய் எந்த வகை என்றே தெரியாது.

சுரண்டி எடுத்த சதையைச் சோதித்தால்தான் நோய் பையின் மேல் தோலோடு நிற்கிறதா, சுவரிலுள்ள தசைக்குள் இறங்கிவிட்டதா என்று தெரியும். எல்லாம் இதில்தான் இருக்கிறது. நான்கு பேரில் மூன்று பேருக்கு மேலோடு நிற்கிற வகைதான். அவர்களுக்குப் பையை எடுக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஆனால் இது முளைத்துக்கொண்டே இருக்கிற கட்டி, கவாத்து வெட்டிய தேயிலை மாதிரி. அதனால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கமரா வைத்துப் பார்க்க வரச்சொல்வார்கள். போகவேண்டும். சிலருக்குப் பைக்குள்ளேயே மருந்து விடுவார்கள், வாரம் ஒருமுறை ஆறு வாரத்துக்கு. பிள்ளை பிறந்தவுடன் போடுகிறோமே பீ.சி.ஜி., அதே மருந்துதான். காசநோய்த் தடுப்பு மருந்து புற்றுநோய்க்கு எப்படி என்று நானும் கேட்டேன். அது பையின் சுவரில் பட்டவுடன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி வந்து கெட்ட கலங்களையும் சேர்த்து அழிக்குமாம். 1976 இலிருந்து செய்கிறார்கள். எரிவு இருக்கும், இரண்டொரு நாள் காய்ச்சல் மாதிரி இருக்கும். காய்ச்சல் விடாமல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இனி நான்காவது ஆளைப் பற்றிப் பேசுவோம், தசைக்குள் இறங்கியவரைப் பற்றி. ஒன்றும் செய்யாமல் விட்டால் இந்த நோய் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் ஆளைக் கொண்டுபோய்விடும். அந்த நாட்களும் சும்மா கழியாது. இரத்தக் கட்டி அடைத்துச் சலம் போகாமல் துடிப்பார்கள். "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும்.

இதற்குப் பெரிய ஒப்பரேஷன் சலப்பையை முழுவதும் எடுத்துவிடுவது. ஆண்களுக்கு அதோடு புரஸ்டேட் சுரப்பியும் போகும், பெண்களுக்கு அனேகமாகக் கர்ப்பப்பையும் போகும். பை போனால் சலம் எங்கே போகும்? சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு சிறுநீரகத்திலிருந்தும் வருகிற குழாய்களை அதில் தைத்து, மறுமுனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். சலம் அதில் சேரும். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான்.

ஆபத்தை மறைக்காமல் சொல்கிறேன். நியூயோர்க்கில் ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இந்த ஒப்பரேஷன் செய்த 1,142 பேரின் கணக்கை 2009 இல் வெளியிட்டார்கள். மூன்று மாசத்துக்குள் 100 பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. குடல் அசையாமல் நிற்பது, காய்ச்சல், காயத்தில் சீழ் போன்றவையே அதிகம். பெரிய சிக்கல் என்று சொல்லக்கூடியது 13 பேருக்கு. இது கைதேர்ந்தவர்கள் செய்கிற இடம், எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு. அமெரிக்காவிலேயே முதியவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், 80 தாண்டியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் மூன்று மாசத்துக்குள் இறந்திருக்கிறார்கள். சின்ன எண் இல்லை இது.

பலனையும் சொல்லவேண்டும் இல்லையா? கலிபோர்னியாவில் 1,054 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2001 இல் ஒரு கணக்கு வந்தது. ஐந்து வருடம் கழித்தும் 100 இல் 68 பேருக்கு நோய் திரும்பியிருக்கவில்லை. நோய் பைக்குள்ளேயே அடங்கியிருந்தவர்களில் 85 பேருக்கு. நெறிகட்டிக்குப் பரவிப்போனவர்களில் 35 பேருக்குத்தான். ஒரே ஒப்பரேஷன், காலத்தோடு வந்தவருக்கு ஒரு பலன், பிந்தி வந்தவருக்கு வேறு பலன். வயதானவர்கள் வேறு நோயாலும் போவார்கள் என்பதால் அவர்களுடைய கணக்கு இதைவிடக் குறையும்.

அப்படியானால் எந்தப் பெரியவர் இதைத் தாங்குவார்? பிறந்த வருடத்தை வைத்துச் சொல்லமுடியாது. நம் தோட்டத்திலேயே 78 வயதில் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவரும் இருக்கிறார், 66 வயதில் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவரும் இருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் கேட்கிற கேள்வியே அதுதான்: "நிக்காம எவ்வளவு தூரம் ஏறுவீங்க?" வீம்புக்குக் கூட்டிச் சொல்லவேண்டாம். மேட்டு லயத்துக்கு மூச்சு வாங்காமல் ஏறமுடியுமா, ஆறு மாசத்தில் உடம்பு இளைத்துவிட்டதா, தானாகக் குளித்து உடுத்துகிறாரா, பேச்சில் மறதி இருக்கிறதா, விழுந்தாரா, இதையெல்லாம் கூடப்போகிறவர் உள்ளபடி சொல்லவேண்டும். சீனி, பிரஷர், நெஞ்சுவலி மறைக்கவே கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். ஒப்பரேஷனுக்கு முன்னால் கொடுக்கிற புற்றுநோய் மருந்தைத் தாங்குமா என்பதும் அதைப் பொறுத்தது.

ஒப்பரேஷனுக்கு நாள் குறித்த பிறகு வீட்டில் கட்டிலில் படுக்கவைத்துவிடுகிறோம். அது வேண்டாம். அந்தச் சில வாரமும் அவர் நடக்கவேண்டும். முட்டை, பருப்பு, கருவாடு, கீரை கொடுங்கள். ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் சாப்பிட்டு இரத்தம் குறைந்துபோன உடம்பில் காயம் ஆறாது. பீடியை அன்றைக்கே நிறுத்தவேண்டும், நெஞ்சுச்சளி ஒப்பரேஷனுக்குப் பிறகு பெரிய எதிரி.

ஒப்பரேஷனுக்குப் பிறகு நடக்கிற ஒரு விஷயத்துக்கு எல்லோரும் பயந்துபோகிறார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் பெரியவர் பிதற்ற ஆரம்பிப்பார். செத்துப்போன மனைவியைக் கூப்பிடுவார், குழாயைப் பிடுங்குவார், பெரட்டுக்கு நேரமாச்சு என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். பைத்தியம் பிடித்துவிட்டது, ஏதோ பிடித்துவிட்டது என்று வீட்டில் நூல் மந்திரிக்கப் போவார்கள். வயதான உடம்பில் பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகு மூளை குழம்புவது அடிக்கடி வருவது. கிருமியோ, மருந்தோ, சலக்குழாய் அடைத்ததோ காரணமாக இருக்கலாம் என்பதால் உடனே மிஸியிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். சுற்றிலும் தெரியாத பாஷை, தெரியாத முகம் என்றால் குழப்பம் கூடும். நம்மவர்களுக்கு இது இரட்டைச் சுமை. பார்வை நேரம் முழுவதும் வீட்டாள் ஒருவர் பக்கத்தில் இருந்து தமிழில் பேசவேண்டும். இன்றைக்கு என்ன கிழமை, இது கண்டி ஆஸ்பத்திரி, ஒப்பரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அவருடைய கண்ணாடியைக் கொடுங்கள். மருந்தில் பாதி இதுதான் என்று ஒரு மிஸி எனக்குச் சொன்னார். வாட்டில் இருக்க அனுமதி கிடைக்கவில்லையென்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், கடிதம் தந்து கேட்டுப் பார்க்கிறேன்.

டொக்டர் சொல்லும்வரை சோறு கொடுக்கக்கூடாது. "பசிக்குதுன்னு சொன்னார்" என்று போர்வைக்குள் சோற்றுப் பார்சலை ஒளித்துக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். குடலை வெட்டித் தைத்திருக்கிறார்கள், அது அசையத் தொடங்காமல் சோறு போனால் வாந்திதான். எழுப்பி உட்காரவைத்தால், நடக்கச் சொன்னால், "கிழவனைப் போட்டுக் கொல்லுறாங்க" என்று மிஸியோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் நான்கில் ஒருவர் மூன்று மாசத்துக்குள் திரும்ப வாட்டுக்குப் போகவேண்டி வருகிறது. காய்ச்சல், வாந்தி, பைக்குள் சலம் வருவது குறைவது, இவை மூன்றில் எது கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக்கூடாது.

வெளியில் ஒட்டுகிற பையைப் பற்றித்தான் எல்லோருக்கும் அருவருப்பு. வயிற்றில் தெரிகிற அந்தச் சிவப்பு முனை குடலின் சதை, தொட்டால் வலிக்காது. பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், நிரம்ப நிரம்பத் திறந்து ஊற்றவேண்டும். சலத்தில் வெள்ளையாக நூல் மாதிரி வரும். குடல் சுரக்கிற சளிதான் அது, சீழ் என்று பயப்படவேண்டாம். குளிக்கலாம், சாரம் கட்டலாம், பஸ்ஸில் போகலாம், கோயிலுக்கும் போகலாம். தோலை நன்றாகத் துடைத்து உலர்த்தாவிட்டால் புண் வரும். ஆஸ்பத்திரியிலேயே பையை மாற்றப் பழக்கித்தான் அனுப்புவார்கள், பேத்தியையோ மருமகளையோ கூட நிற்கவைத்துப் பழகிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் பை சிலநேரம் வெளியில் வாங்கவேண்டி வரலாம். மாசம் எத்தனை தேவை, எங்கே கிடைக்கும் என்று ஒப்பரேஷனுக்கு முன்பே கேளுங்கள். பத்துப் பேர் இருக்கிற ஒரே காம்பிராவில் இதை எங்கே வைத்து மாற்றுவது என்றும் முன்பே யோசியுங்கள். ஒரு திரைச்சீலை போதும்.

கல்யாணமான ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் பெரும்பாலும் முடியாமல் போகும். அதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

பையை எடுப்பது ஒன்றுதான் வழி என்றில்லை. முடிந்தவரை கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதிர்ச்சிகிச்சையும் அதோடு புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 360 பேரிடம் செய்து பார்த்து 2012 இல் வெளியிட்டார்கள். அவர்களில் அதிகம் பேர் 70 வயதை ஒட்டியவர்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இரண்டு வருடத்தில் பையிலும் அதைச் சுற்றியும் நோய் திரும்பவில்லை. பை அவர்களோடேயே இருந்தது. எல்லாக் கட்டிக்கும் இது ஒத்துவராது. பல வாரம் தினமும் போய்வரவேண்டும், மலைத்தோட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு அது பெரிய பாடு. அதையும் தாங்கமாட்டாதவர்களுக்கு இரத்தத்தை நிறுத்துவதற்கென்று சில தடவை மட்டும் கதிர் கொடுப்பார்கள்.

ஒரு தோட்டத்தில் 81 வயதுப் பாட்டி ஒருவர். மூன்று மகன்மாரும் ஒப்பரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்கள். பாட்டி டொக்டரைப் பார்த்து, "தம்பி, செஞ்சா நான் திரும்ப எந்திரிச்சு என் அடுப்படியில நிப்பேனா, இல்ல கட்டில்லதானா?" என்று கேட்டார். டொக்டர் அவருடைய நெஞ்சுச் சோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, உறுதி சொல்லமுடியாது என்றார். பாட்டி கதிர்ச்சிகிச்சை போதும் என்றார். இரத்தம் நின்றது. ஒன்றேகால் வருடம் அடுப்படியில் நின்றார், பிறகு தன்னுடைய காம்பிராவிலேயே காலமானார். இன்னொரு தோட்டத்தில் பழைய கங்காணி ஒருவர், 76 வயதில் பையை எடுத்தார். வாட்டில் 24 நாள், இரண்டு தடவை காய்ச்சல், ஆள் பாதியாகிவிட்டார். நான்கு வருடம் ஆகிறது, பையைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இருவருமே தங்களுக்கு என்ன நோய் என்று தெரிந்துதான் முடிவு செய்தார்கள்.

அதனால்தான் மகன்மாரே, டொக்டரின் அறைக்கு வெளியே நின்று "அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று கும்பிடவேண்டாம். கையெழுத்தோ கைநாட்டோ, அதை வைக்கவேண்டியவர் அவர். எதற்கு என்று தெரியாமல் வைத்தவருக்கு, வயிற்றில் பையோடு கண் விழிக்கும்போது வருகிற கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். அது மாசக்கணக்கில் தீரவில்லை. நோய் மேலோடா தசைக்குள்ளா, செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா, திரும்பத் தானாக நடமாடுவாரா என்று அவர் காதுபடக் கேளுங்கள். பாஷை விளங்காவிட்டால் வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தரச்சொல்லிக் கேட்கலாம், அதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் துண்டுகள், சதைச் சோதனை ரிப்போர்ட், எடுக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மழையில் நனையாமல் இருக்க வெளியே பொலித்தீன் ஒன்று. கூடப்போகிறவருக்கு வேலை நாள் விடுபடும் என்றால் முதல் நாளே என்னிடம் வாருங்கள், துரைக்குக் கடிதம் எழுதித் தருகிறேன்.

ஈ.எம்.ஏ. ஐயா இப்போது பிரஷர் பார்க்கத் தொடங்குகிறார். இரத்தம் போகிறதென்று எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் பின்பக்கத்து அறைக்கு வாருங்கள், அம்மாமாருக்கு மருத்துவிச்சி அம்மா அங்கேயே இருக்கிறார்.